வீட்டுக்கு ரெய்டு: வேகமா, பத்திரமா?

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறைக்கு ரெய்டு என்று பெயர். ரெய்டு 0 போட்டால் வேகம், ரெய்டு 1 போட்டால் பத்திரம், ரெய்டு 5 போட்டால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். யாரைக் கேட்டாலும் இந்த மூன்று வரிதான் பதிலாக வரும். தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த மூன்று வரியை மனதில் வைத்துக்கொண்டு டிஸ்க் வாங்கப் போனவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்தே பலர். அவர்களில் பாதிப் பேருக்கு வேகமும் வரவில்லை, பத்திரமும் வரவில்லை.

என் கட்சி இது: வீட்டில் இந்த இரண்டுக்கும் தராசு பிடிக்கிறவர்கள் இரண்டு தட்டிலும் தப்பான படிக்கல்லைப் போட்டுவிடுகிறார்கள். வேலை மெதுவாக நடப்பதற்கு டிஸ்க்தான் காரணம் என்று நினைக்கிறார்கள், பெரும்பாலும் அது இல்லை. ஃபைல் போவது டிஸ்க் செத்தால்தான் என்று நினைக்கிறார்கள், அதுவும் பாதிதான் உண்மை.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். ரெய்டு 0, ஸ்ட்ரைப் என்றும் சொல்வார்கள், ஒரு ஃபைலைத் துண்டு துண்டாக நறுக்கி டிஸ்க்குகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பது. லினக்ஸில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு துண்டு 512 கேபி. முதல் துண்டு முதல் டிஸ்க்குக்கு, அடுத்தது அடுத்த டிஸ்க்குக்கு. எல்லா டிஸ்க்கும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் பெரிய ஃபைலைப் படிப்பதும் எழுதுவதும் ஏறக்குறைய டிஸ்க் எண்ணிக்கை அளவுக்கு வேகமாகும். நாலு டிஸ்க்கில் ஒன்று போய்விட்டால் மிச்சம் மூன்றில் இருப்பது ஓட்டை விழுந்த ஃபைல்கள். 512 கேபிக்குள் அடங்கிய சில சின்ன ஃபைல்கள் தப்பிக்கலாம். கல்யாண வீடியோ தப்பிக்காது. ரெய்டு 1, அதாவது மிரர், ஒரே ஃபைலை இரண்டு டிஸ்க்கிலும் அப்படியே எழுதும். ரெய்டு 5 துண்டு துண்டாகப் பிரித்து எழுதி, ஒரு டிஸ்க் போனால் மீட்க ஒரு கணக்கையும் சேர்த்து வைக்கும்.

பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் 1988இல் எழுதிய கட்டுரையில்தான் ரெய்டு என்ற பெயர் வந்தது. பெரிய கம்ப்யூட்டர்களின் விலை உயர்ந்த டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டமாக வைத்து ஓட்டினால் என்ன என்பதுதான் அவர்கள் கேட்டது. டிஸ்க் எண்ணிக்கை கூடக்கூட ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் கூடும் என்பதால், அதைச் சமாளிக்க 1 முதல் 5 வரை ஐந்து வழிகளை வரிசைப்படுத்தினார்கள். அந்த வரிசையில் 0 கிடையாது. பாதுகாப்பே இல்லாத கூட்டத்துக்கு அந்த எண் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் "கூடக்கூட" எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டி, எத்தனை கெட்டது என்று வெளிப்படையாகப் போடும் பேக்பிளேஸ் நிறுவனத்தின் சமீப ஆண்டுக் கணக்குகளில், 100 டிஸ்க் ஓடினால் வருடத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை கெடுகிறது. நடுவே 1.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிஸ்க்கை ஐந்து வருடம் ஓட்டினால் அது போய்விடும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம். நாலு டிஸ்க் ரெய்டு 0 என்றால் அதே ஐந்து வருடத்தில் மொத்தமும் போகும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நாலு வீட்டில் போட்டால் சராசரியாக ஒரு வீட்டில் அழுகை என்கிற மாதிரி. அதுவும் ஏசியில், சீரான மின்சாரத்தில் ஓடும் டிஸ்க்கின் கணக்கு இது. கத்திரி வெயிலில் மாடி அறையில் ஓடும் டிஸ்க்குக்கு இந்தச் சலுகை எல்லாம் கிடையாது.

சரி, இந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டால் கிடைக்கிற வேகம் எதற்கு உதவுகிறது?

தேவகோட்டையில் ஒரு தம்பி வீட்டிலேயே எடிட்டிங் செய்கிறார். அறுபதாம் கல்யாணம், பீமரத சாந்தி, காதுகுத்து, புதுமனை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் ஊருக்கு வந்து சாந்தி செய்துகொள்கிற பகுதி இது, வேலைக்குப் பஞ்சமில்லை. அவர் 4 டிபி ஹார்டு டிஸ்க் நாலு வாங்கி மேசையில் அடுக்கிவிட்டு எனக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நாலையும் சேத்து ஸ்ட்ரைப் போட்டுத் தாங்க. டைம்லைன் நகரவே மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். ஒரு சாந்தி, நாலு கேமரா, எல்லாம் 4கே, ஒவ்வொன்றும் நொடிக்கு 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. நாலு கேமராவையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டாலும் 50 எம்பிதான். இன்றைய சாதாரண ஹார்டு டிஸ்க் ஒன்றே வரிசையாகப் படித்தால் நொடிக்கு 150 முதல் 250 எம்பி வரை தரும். நாலு ஃபைலுக்கும் தாவித் தாவிப் படிக்கும்போது குறையும், அது உண்மை. ஆனால் அவரிடம் அது கூடப் பிரச்சினை இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து டைம்லைனை ஓடவிட்டுக் காட்டினேன். டிஸ்க் பக்கம் கோடு தரையோடு கிடக்கிறது. பிராசஸர் பக்கம் நூறில் போய் முட்டி நிற்கிறது.

கேமராவிலிருந்து வருகிற எச்265 ஃபைல் இடத்தை மிச்சம் பிடிக்க நன்றாக நசுக்கப்பட்டது. ஒரு ஃபிரேமைக் காட்ட அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அந்த வேலை பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உரியது. நாலு டிஸ்க் இல்லை, நாற்பது டிஸ்க் சேர்த்தாலும் அங்கே ஒன்றும் நகராது. இரவோடு இரவாக பிராக்ஸி, அதாவது எடிட் செய்ய இலகுவான சிறிய நகல், போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் அதே கம்ப்யூட்டரில் டைம்லைன் வழுக்கிக்கொண்டு போகும். அதற்குச் செலவு பூஜ்யம்.

"அப்ப காப்பி பண்றப்பயாவது வேகம் வருமில்லண்ணே?" என்றார். நியாயமான கேள்வி. கேமராவின் கார்டு நொடிக்கு 90 எம்பி கொடுத்தாலே பெரிசு. 64 ஜிபி கார்டு காலியாகப் பன்னிரண்டு நிமிடம். எழுதுகிற பக்கம் நொடிக்கு 600 எம்பி வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தாலும் கார்டு 90தான் கொடுக்கும். அவருடைய வேலையில் டிஸ்க் வேகம் நிஜமாகவே உதவுகிற இடம் ஒன்று உண்டு: பிராக்ஸியும் எடிட்டிங் மென்பொருள் தற்காலிகமாக எழுதி வைக்கிற கேஷும் இருக்கிற இடம். சின்னச் சின்ன ஃபைல், அங்கும் இங்கும் தாவல். அதற்கு ஹார்டு டிஸ்க்கை எத்தனை சேர்த்தாலும் பயன் குறைவு. 7200 சுற்று டிஸ்க்கில் தேவையான இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக 4 மில்லிசெகண்ட் சுற்றக் காத்திருக்க வேண்டும், தலை நகர்கிற நேரம் தனி. டிஸ்க்கைச் சேர்ப்பதால் ஒரு தனிப் படிப்புக்கு ஆகும் அந்தக் காத்திருப்பு குறையாது. சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி, அதில் வேகமான என்விஎம்இ வகை ஒன்றே ஒன்று, அந்தக் காத்திருப்பையே இல்லாமல் செய்துவிடும்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு என்விஎம்இயைச் சேர்த்து ரெய்டு 0 போட்டால் நொடிக்கு 7000 எம்பி என்று சோதனைத் திரையில் பெரிய எண் வரும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கலாம். விண்டோஸ் திறக்கிற நேரமும் கேம் லோடாகிற நேரமும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறாது.

இரண்டாவது ஆள் இதற்கு நேர் எதிர். கானாடுகாத்தானில் ஒரு ஐயா, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருந்த பழைய கடிதங்கள், கல்யாணப் படங்கள், பேரேடுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார். "எங்க அப்பச்சி மோல்மீன்லேருந்து எழுதுன கடுதாசி தம்பி. பூச்சி அரிச்சது போக இதான் மிச்சம்" என்று ஒரு கட்டைக் காட்டினார். மடிப்பில் தொட்டால் உதிர்கிற தாள். ஸ்கேனரில் ஒரு தடவை வைத்து எடுப்பதே பயம், இரண்டாம் தடவை வைக்க அதில் உயிர் இருக்குமா என்பது சந்தேகம்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் அவருக்கு நாலு டிஸ்க் போட்டு வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் நாஸ் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். வேகம் போதவில்லை, ரெய்டு 0க்கு மாற்றலாமா, இல்லை எஸ்எஸ்டி போடலாமா என்று அப்பாவும் மகனும் வீடியோ காலில் ஆலோசனை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏ4 பக்கம், 600 டிபிஐ, முழு வண்ணம், நசுக்காத டிஃப் ஃபைல்: சுமார் 100 எம்பி. ஸ்கேனர் ஒரு பக்கத்தை முடிக்க அரை நிமிடத்துக்கு மேல். சேமிக்கப் போகும்போது இன்னொரு அரை நிமிடம் போல. இந்த இரண்டாவது அரை நிமிடம்தான் மகனுக்கு டிஸ்க் மீது சந்தேகம் வரக் காரணம்.

நாஸ் பெட்டி முகப்பில் ரவுட்டர் பக்கத்தில். ஐயாவின் கம்ப்யூட்டர் வளவை, அதாவது நடு முற்றத்தை, தாண்டி இரண்டாம் கட்டில். நடுவே செங்கலும் சுண்ணாம்புமாக ஒரு முழத்துக்கு மேல் தடிப்பான சுவர்கள். அந்தக் காலத்தில் வெயில் உள்ளே வரக்கூடாது என்று கட்டியவை. வைஃபையும் வருவதில்லை. நொடிக்கு நாலைந்து எம்பிக்கு மேல் போகவில்லை. டிஸ்க் பக்கம் எதை மாற்றினாலும் இந்தச் சுவர் அப்படியே இருக்கும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்காமல், வளவின் ஓரத்தில் தூண்களுக்குப் பின்னால் ஒரு கேபிள் இழுத்தோம். கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி. ஒரு பக்கம் ஒரு நொடியில் போய்விடுகிறது. வாங்கும் முன் ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள்: மலிவான ரவுட்டர்களில் பல, கேபிள் துளைக்கு 100 மெகாபிட்தான் தரும், அதாவது 11 எம்பி. 1 டிபியைக் கிகாபிட்டில் அனுப்ப இரண்டரை மணி நேரம், இதில் ஒரு நாளைத் தாண்டும்.

ஆக, தேவகோட்டைத் தம்பிக்கு வேகம் வேண்டும், ஆனால் வேகமாக ஓட வேண்டிய பிராக்ஸியும் கேஷும் போனால் ஒரு ராத்திரியில் திரும்பச் செய்துவிடலாம். கானாடுகாத்தான் ஐயாவிடம் இருப்பது திரும்பச் செய்யவே முடியாதது, அதற்கு வேகமே வேண்டாம். இரண்டு பேரும் கேட்டது ஒரே ரெய்டு 0. ஒரே டிஸ்க் கூட்டத்தில் இரண்டு வகையையும் போட்டுவிட்டு ரெய்டு எத்தனை என்று விவாதிப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. முதலில் போல்டரைப் பிரியுங்கள், அப்புறம் டிஸ்க்கைப் பார்க்கலாம்.

இனி அடுத்த தட்டு. டிஸ்க் சாகாமலே ஃபைல் எப்படிச் சாகிறது?

எங்கள் பக்கம் முதலில் நினைவுக்கு வருவது மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பதுக்கு நிறுத்துவதைப் பேப்பரில் போட்டுவிடுவார்கள், அது பாதகமில்லை. ஐப்பசி மழையில் சொல்லாமல் போய்ப் போய் வருவதுதான் ஆபத்து. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு: ஒரு பக்கம் யூபிஎஸ், மறு பக்கம் நார்மல். நார்மலில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுகிற இடைவெளியில் ஃபேனுக்கு ஒன்றும் தெரியாது, கம்ப்யூட்டர் அணைந்து எழும். வோல்டேஜ் குறைவான தெருக்களில் யூபிஎஸ் பக்கம் வைத்தால் அடிக்கடி பேட்டரிக்குத் தாவுகிறது என்று எலக்ட்ரீஷியனே நார்மலுக்குத் தள்ளிவிட்டுப் போயிருப்பார். மின்வேதியியலுக்கென்றே 1953 முதல் சிக்ரி ஆய்வகம் இருக்கிற ஊர் காரைக்குடி, இருந்தும் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற எல்லா வீட்டிலும் மறந்துதான் போகிறோம்.

ரெய்டு 5 வைத்திருப்பவருக்கு இந்தத் திடீர் அணைப்பு கூடுதல் வில்லங்கம். அதில் தரவோடு பாரிட்டி என்ற சரிபார்ப்புக் கணக்கும் எழுதப்படும். ஒரு சின்ன மாற்றத்துக்கு நாலு வேலை: பழைய தரவைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதிய தரவை எழுது, புதிய பாரிட்டியை எழுது. சின்ன ஃபைல் எழுதுவதில் ரெய்டு 5 இழுப்பதற்கு இதுதான் காரணம். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே கரண்ட் போனால் தரவும் பாரிட்டியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. என்றோ ஒரு டிஸ்க் போய், அந்தப் பாரிட்டியை வைத்து மீட்கும்போது குப்பை வரும். இசட்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டம்கள் இதற்கு இடம் கொடுக்காத மாதிரி எழுதப்பட்டவை. பழைய பாணி ரெய்டு 5க்கு நல்ல யூபிஎஸ் கட்டாயம்.

ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் முழுக்கப் படித்துத்தான் புதியதை நிரப்பும். 8 டிபி டிஸ்க்கை நொடிக்கு 180 எம்பியில் நிரப்பினாலே பன்னிரண்டு மணி நேரம். நடுவில் நீங்கள் வேலை பார்த்தால் இன்னும் நீளும். தடங்களை ஒன்றின்மேல் ஒன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கை மாட்டியிருந்தால் நாள் கணக்கில் போகலாம், அதனால் வாங்கும்போது அப்படிப் படியாமல் எழுதும் சிஎம்ஆரா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள். இன்னொரு பயமுறுத்தலும் உலவுகிறது: வீட்டு உபயோக டிஸ்க்கில் படிக்க முடியாத பிழை கோடி கோடி பிட்டுக்கு ஒன்று, அதாவது 12.5 டிபிக்கு ஒன்று, எனவே பெரிய ரெய்டு 5 மீளவே மீளாது என்று. அந்த எண் கம்பெனி தருகிற வெளி எல்லை. உண்மையில் பெரும்பாலான டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே படிக்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிய பயம், ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய நாலு டிஸ்க். அவை ஒரே வெயிலையும் ஒரே வோல்டேஜையும் தின்று வளர்ந்தவை. ஒன்று போன அதே வாரத்தில் இன்னொன்றும் தள்ளாடுவதில் ஆச்சரியமில்லை.

மதர்போர்டில் இலவசமாக வருகிற ரெய்டு பற்றி ஒரு வார்த்தை. காசு அளவில் உள்ள அந்த வட்டப் பேட்டரி தீர்ந்துபோனால் கம்ப்யூட்டர் தொடங்கும்போது படிக்கும் பயாஸ் அமைப்பு பழைய நிலைக்குப் போய்விடும். பல போர்டுகளில் டிஸ்க் மாட்டும் சாட்டா துளைகளின் அமைப்பு ரெய்டிலிருந்து, டிஸ்க்கைத் தனித்தனியாகப் பார்க்கும் ஏஹெச்சிஐக்கு மாறும். டிஸ்க் எல்லாம் நன்றாகவே இருக்கும், ஆனால் கூட்டம் கலைந்த மாதிரித் தெரியும். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் விண்டோஸ் "இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா" என்று, அதாவது புது டிஸ்க்காகத் தொடங்கட்டுமா என்று, பணிவாகக் கேட்கும். பள்ளத்தூரில் ஒருவர் வீட்டில் அந்தப் பெட்டி திரையில் இருக்கும்போதே நான் போய்ச் சேர்ந்தேன். பயாஸில் ஒரு வரியை மாற்றியதும் எல்லாம் திரும்பி வந்தது. அவர் ஓகே அழுத்தி, அதன்மேல் பார்மேட்டும் செய்திருந்தால் சென்னையில் ரெக்கவரி ஆட்களைத் தேட வேண்டியதுதான். லினக்ஸில் ஓடும் எம்டி, இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மாதிரி மென்பொருள் ரெய்டு என்றால் கூட்டத்தின் விவரம் டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும். போர்டே எரிந்தாலும் வேறு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் படித்துக்கொள்ளலாம்.

மற்றதெல்லாம் தெரிந்த கதை. பேரன் போல்டரை அழிப்பான். ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும். இடி விழும். இவை எதிலும் ரெய்டு 1 உதவாது. அழித்தால் அந்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அழியும். சாதாரண மிரரில் இரண்டு டிஸ்க்கும் வேறு வேறு பதில் சொன்னால் எது சரி என்று அதற்கே தெரியாது. செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்திருக்கும் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மிரருக்குத்தான் தெரியும், அதுவே பழுதையும் சரிசெய்யும்.

அதனால் வீட்டில் இரண்டு டிஸ்க் மட்டும் இருந்தால் மிரர் போடாதீர்கள் என்பேன். சண்டைக்கு வருவார்கள், வரட்டும். மிரர் தருவது ஓட்டம் நிற்காமை. ஒரு டிஸ்க் போனாலும் வேலை தொடரும், கடைக்கும் ஆபீசுக்கும் அது முக்கியம். டெலிவரி வாரத்தில் இருக்கும் வீடியோ எடிட்டருக்கும் முக்கியம். வீட்டில் இரண்டு நாள் கம்ப்யூட்டர் நின்றால் குடி முழுகாது. ஒரு டிஸ்க்கில் வேலை, இன்னொன்றில் பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கும் காப்பி, முடிந்ததும் அதைக் கழற்றி அலமாரியில். மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் விடாது. மூன்றாவது வாங்க முடிந்தால் அது வேறு ஊருக்கு.

வேகமும் ஓரளவு பாதுகாப்பும் ஒரே கூட்டத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு லினக்ஸில் ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ரெய்டு 10 என்பது ஸ்ட்ரைப்பும் மிரரும் சேர்ந்தது. எம்டியில் அதை இரண்டே டிஸ்க்கில், இரண்டாம் நகலைத் தள்ளி வைக்கும் "ஃபார்" அமைப்பில் போடலாம். வரிசையாகப் படிப்பது ரெய்டு 0 அளவுக்கு வரும், ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும். எழுதும்போது தலை முன்னும் பின்னும் ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகும்.

தம்பியின் மேசையில் அந்த நாலு டிஸ்க் இன்னும் சீல் பிரிக்காமல் இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று அன்று சாயங்காலம் வரை பேசினோம். பிராக்ஸிக்கும் கேஷுக்கும் 1 டிபி என்விஎம்இ ஒன்று தனியாக வாங்கினார். இரண்டு டிஸ்க் பிடிஆர்எஃப்எஸ் மிரராக ஒரு பழைய லினக்ஸ் பெட்டிக்குள் போயின, நடக்கிற வேலையின் ஒரிஜினல் ஃபைல்களுக்கு. மூன்றாவது, ராத்திரிக் காப்பிக்கு. நாலாவதைத் திருச்சியில் இருக்கும் அக்கா வீட்டில் வைக்கலாம் என்றேன்.

"அக்கா பீரோவுல வச்சா மச்சான் எடுத்துப் படம் ஏத்திருவாருண்ணே" என்றார்.

என்கிரிப்ட் செய்து, மேலே பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தோம். எஸ்எஸ்டி சின்னதாக இருக்குமே, அதைக் கொடுக்கலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். எஸ்எஸ்டி தரவை மின்னேற்றமாகத்தான் வைத்திருக்கிறது. தன் ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த வீட்டு எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் ஜெடெக் என்ற தர அமைப்பின் அளவு. வெப்பம் ஏறினால் அந்தக் காலமும் குறையும். புதியது இன்னும் நன்றாகத் தாங்கும்தான். ஆனாலும் திருச்சி பீரோவில் மே மாதம் 30 டிகிரியை எதிர்பார்க்க முடியாது. ஹார்டு டிஸ்க்கே போகட்டும், பொங்கலுக்கு வரும்போது எடுத்து வரச் சொல்லி, இரண்டு மூன்று போல்டரை வேறு கம்ப்யூட்டரில் திறந்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் புதுசை ஏற்றி அனுப்பலாம் என்று முடிவானது.